திடீர் ரசிகர்கள்

டிரம்மரின் வீட்டு மாடி அறையில் இருவரும் சேர்ந்து உருவாக்கிய பாட்டை, பாடகன் தன் பெயரில் மட்டும் இசைச் செயலியில் ஏற்றிவிட்டான்.

டிரம்மர் நியாயம் கேட்டபோது, "போடா, நீ தட்டுறதை எவன் கேக்குறான்? என் குரலுக்குத்தான் கூட்டம்" என்று இசைக்குழு நண்பர்கள் முன்னால் சிரித்தான். டிரம்மர் தலைகுனிந்து வெளியேறினான்.

அடுத்த வாரமே பாட்டு கிடுகிடுவென ஏறியது. கேட்டவர்கள் லட்சத்தைத் தாண்டினார்கள். பாடகனுக்குக் கால் தரையில் பாவவில்லை. பார்த்துக்கொண்டிருந்த வேலையையும் விட்டுவிட்டான்.

டிரம்மரின் மனைவிக்கு வயிறு எரிந்தது. "உங்களை அவமானப்படுத்தினவன் பாட்டு இந்தப் போடு போடுது. நீங்க என்னடான்னா சிரிச்சுக்கிட்டு இருக்கீங்க?"

"ஓடட்டும்மா. நல்லா ஓடட்டும்."

மறுநாள் பாடகன் பேயறைந்த முகத்தோடு வாசலில் வந்து நின்றான்.

"நம்ம பாட்டைத் தூக்கிட்டாங்கடா! என் கணக்கையே முடக்கிட்டாங்க. இனிமே எந்தப் பாட்டும் போட முடியாதாம்."

"ஏனாம்?"

"கேட்டதெல்லாம் ஆளுங்களே இல்லையாம், மெஷினாம். நான்தான் காசு குடுத்து ஓட வச்சேன்னு சொல்றாங்க. சத்தியமா நான் இல்லடா!"

"தெரியும்" என்றான் டிரம்மர். "காசு குடுத்தது நான்தான்."