நட்டநடுவில் ஒரு நம்பர் பிளேட்

"நட்டநடுவுலதான் மாட்டணும். ஓரமா, சாய்வா, அந்த வேலையெல்லாம் வேண்டாம்."

சொன்னவர் கோர்ட்டில் முப்பது வருஷம் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். வெயிலிலும் சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட்டிருந்தார். கையில் செய்தித்தாளில் சுற்றிய புத்தம்புது நம்பர் பிளேட்.

மெக்கானிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எதிரே நின்ற நீலக் காருக்கு நாலு மாதம் முன்பு அவர்தான் முன்பக்கத்தை மாற்றியிருந்தார். கம்பெனி கிரில்லைக் கழற்றிவிட்டு, கறுப்பு வலை வைத்து, அதற்குத் தோதாக பம்பரை அறுத்து, ராப்பகலாகப் பார்த்த வேலை. அதன் நெற்றியில் ஆணி அடி என்கிறார் இந்த மனிதர்.

"மொதல்ல நீங்க யாருன்னே புரியலை சார். வண்டியைக் கொண்டுவந்து விட்டது ஒரு தம்பி."

"அவன் என் பையன். ஆயில் மாத்தியாச்சு, ஆறு மணிக்கு வந்து எடுத்துக்கலாம்னு மத்தியானம் நீங்கதானே போன் பண்ணினீங்க?"

"வண்டியோட சர்வீஸ் புத்தகத்துல இருந்த நம்பருக்குப் பண்ணினேன். அப்ப அது உங்க நம்பரா?"

"வண்டியும் என் பேர்லதான் இருக்கு."

மெக்கானிக் வழிக்கு வந்தார். ஆனாலும் மனசு கேட்கவில்லை.

"முன்னாடி பிளேட்டே வேண்டாம்னு தம்பி அடிச்சுச் சொல்லிட்டாரு சார். வலை மறையுதாம்."

"சட்டம்னு ஒண்ணு இருக்கே."

"இருக்கு. அதுக்கு வழியும் இருக்கு." மெக்கானிக் குரலைத் தாழ்த்தினார். "பம்பர் ஓரத்துல ஒரு பட்டை போட்டு, கொஞ்சம் வானத்தைப் பாத்தாப்புல சாய்ச்சு மாட்டிடறேன். போலீஸ்காரர் கேட்டா பிளேட் இருக்கு. ரோட்டுக் கேமராவுல நம்பர் தெரியாது. எல்லாரும் கேட்டு வாங்கற வேலை சார் இது."

"கேமராவுக்குத் தெளிவாத் தெரியணும். அதுக்குத்தானே வந்திருக்கேன்."

மெக்கானிக் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி வேகமா ஓட்டினா நோட்டீஸ் யாருக்கு வரும்?"

"எனக்கு."

"அபராதம்?"

"நான்தான் கட்டறேன். மாசம் தவறாம ஒண்ணாவது வரும். அவன் கால் பிரேக் பக்கமே போகாது."

"இப்ப?"

"நாலு மாசமா ஒண்ணுகூட வரலை. முன் பிளேட்டைக் கழட்டிட்டான்னு புரிஞ்சுபோச்சு," என்றார் கிளார்க், பென்ஷன் நின்றுபோன மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

கேமராவிடமிருந்து தப்பிக்க வந்தவர்களை மெக்கானிக் வண்டி வண்டியாகப் பார்த்திருக்கிறார். மாட்டிக்கொள்ள வந்தவர் இவர் ஒருவர்தான். கோர்ட்டிலேயே கிடந்து மனுஷனுக்கு மூளை சட்டப் புத்தகமாகிவிட்டது என்று முடிவு கட்டி, துளைபோடும் மிஷினை எடுத்தார்.

"வலை எடை தாங்காது. பின்னால இருக்கற கம்பியில பட்டையைப் பிடிக்கணும். ரேடியேட்டருக்குக் காத்து போக ரெண்டு விரல் இடைவெளி விடணும். அப்புறம் நாலு திருகு, அவ்வளவுதான்."

"திருகு வேண்டாம், கழட்டிடுவான். ரிவெட் அடிங்க."

"பெத்த பிள்ளை மேல இவ்வளவு நம்பிக்கையா சார்?"

வேலை முடிந்ததும் கிளார்க் பத்தடி தள்ளிப்போய்க் குந்தி உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நம்பரை ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுப் படித்தார். திருப்தியாக எழுந்தவர், கொஞ்சம் தயங்கினார்.

"ஒரு உதவி. நான் வந்தது அவனுக்குத் தெரிய வேண்டாம். பிளேட் இல்லாத வண்டியை வேலைக்கு எடுத்தா கடைக்கே சீல் வைப்பாங்களாம், அதனால மாட்டிட்டேன்னு சொல்லிடுங்க."

"அப்படி ஒரு சட்டமே இல்லையே சார்."

"இல்லைதான்," என்றார் கிளார்க். முப்பது வருஷ நேர்மை ஒரு நொடியில் காற்றில் போனதில் அவருக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

மெக்கானிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, ஆறாகப் பத்து நிமிஷந்தான் இருக்கு. டீ சொல்றேன், உக்காருங்க. தம்பி வந்ததும் ரெண்டு பேரும் ஒண்ணா வண்டியில போயிடலாம்."

"இல்ல, பஸ்ஸுக்கு நேரமாச்சு," என்ற கிளார்க், கூலியை மேஜைமேல் வைத்துவிட்டுத் தெருவில் ஏறக்குறைய ஓடினார்.

மகனை வசமாக மாட்டிவிட்டு, முகத்தில் முழிக்கத் தைரியம் இல்லாமல் ஓடுகிற இப்படியும் ஓர் அப்பாவா என்று மெக்கானிக்குக் கசந்தது. அந்தத் தம்பியை நினைத்துப் பாவமாகக்கூட இருந்தது.

கிளார்க் வீட்டு வாசலை மிதிக்கும் முன்பே மனைவி கதவைத் திறந்துவிட்டாள்.

"மாட்டியாச்சா?"

"ஆச்சு. அசைக்க முடியாது."

"கேமராவுக்குத் தெரியுமா?"

"பளிச்சுனு தெரியும். நானே தள்ளிப் போய்ப் பாத்துட்டேன்."

"அப்ப நோட்டீஸ் எப்ப வரும்?"

"அவன் போற வேகத்துக்கு இந்த வாரமே வந்துடும்."

அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"கடைசியா வந்த நோட்டீஸ் படத்துல, வண்டிக் கண்ணாடி வழியா பாத்தேன், கன்னமெல்லாம் ஒட்டிப்போயிருந்தான்," என்றாள். "உங்க மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்னு வீட்டை விட்டுப் போனவன், இந்த மூணு வருஷமா அது ஒண்ணுலதானே நமக்கு முகம் காட்டறான்."