தகரத்துல மூணு மணி

"எல்லாம் சும்னே உக்காருங்கபா! பேச்ச நிறுத்துங்க! ஜெயம்மா, உன்னத்தான். நீ மூச்சு வாங்குற கேப்புலயாவது நான் ரெண்டு வார்த்த பேசிக்கறேன்!"

தாமோதரன் போட்ட சத்தத்துல, தங்கச் சொரங்கத்து சாம்பியன் ரீப்ஸ் லைன் வூட்டு ஜனம் மொத்தமும் அவரு வாசல்ல கப்சிப்னு உக்காந்துச்சு.

பக்கத்து வூட்டு பாக்கியவதி மட்டும் சத்தம் போடறதுக்கு முன்னாடியே கப்சிப். புருஷன் கொர்னேலியஸ் போனதுலருந்து அந்தம்மா வாயத் தெறக்கறது சர்ச்சுல ஆமென் சொல்லத்தான்.

"கிளமெண்ட்டு, நீ சொல்றா."

கட்டர் போடற கிளமெண்ட்டு ஏணியிலருந்து எறங்குனான்.

"மாமா, கூர ஓரத்துல மழத்தண்ணி ஓடற இந்தத் தகர கட்டரு வெள்ளக்காரன் காலத்துது. பூரா துரு. ரெண்டு வூட்டுக்கும் சேத்து ஒரே நீட்டு. தண்ணி எறங்கற பைப்பு பாக்கியக்கா வூட்டுப் பின்செவுத்துல கீது. உங்க பாதிய மட்டும் அறுத்தா மீதியும் கையோட வந்துடும். முழுசா எறக்கிட்டு பிளாஸ்டிக் போடணும். அடி முந்நூத்தம்பது, அறுவது அடி. இருபத்தோராயிரம்."

"இன்னாடா, தங்கத்துல போடறியா? அதத்தான் நாங்க தோண்டித் தோண்டி அனுப்பிட்டமே!"

ஜனம் சிரிச்சுது. தாமோதரன் சிரிக்கல.

"சரி, போடு. அவங்க பாதியும் நானே குடுக்கறேன். பாக்கியவதி, சரின்னு ஒரு வார்த்த சொல்லும்மா."

பாக்கியவதி தலைய ஆட்டுனாங்க. வேணாம்னு.

"பாத்துக்கோங்க! ஒரு மாசமா இதான்."

தாமோதரன் தோள்ல கெடந்த துண்ட முந்தானையாட்டம் இழுத்துப் போத்தி, கண்ணத் தாழ்த்தி, தலைய அப்பிடி இப்பிடி ஆட்டிக் காட்டுனாரு. அச்சு அசல் பாக்கியவதி. மறுபடி ஒரு சிரிப்பு.

"அண்ணா, மழையே காணோம், கட்டருக்கு இன்னா அவசரம்?"ன்னு ஜெயம்மா கேட்டாங்க.

தாமோதரன் கொரல எறக்குனாரு.

"மழ இல்லாதப்பதாம்மா சத்தம் வருது."

சிரிப்பு நின்னுபோச்சு.

"தெனம் மத்யானம் மூணு மணி. மொத ஷிப்ட்டு ஏறுற நேரம். அந்தப் பைப்புலருந்து கெளம்பி, கட்டரு வழியா எங்கூட்டுக் கூரைக்கு வரும். டங்... டங்... டங்."

சொரங்கத்துக்குள்ள ஆள எறக்கி ஏத்தற கேஜ்ல போயி வந்தவங்களுக்கு அத வெளக்கணுமா? மூணு தடவ மணி அடிச்சா, உள்ள ஆளு நிக்கறான், மேல இழுன்னு அர்த்தம்.

"சொரங்கத்து ஷாப்ட்ட மூடி இருவது வருஷத்துக்கு மேல ஆவுது. உள்ள பூரா தண்ணி. அதுலருந்து தெனம் யாருபா ஏறி வரான்?"

கிளமெண்ட்டு கட்டர அண்ணாந்து பாத்தான்.

"வாசலுக்கு ஓடியாந்து பாப்பேன். ஈ காக்கா இருக்காது. கட்டரத் தொட்டா தகரம் இன்னும் அதிர்ந்துக்கினு இருக்கும். உள்ள போனா, எங்க கங்கம்மா கதவப் பாத்து சிரிச்சுக்கினு இருப்பா. கதவாண்ட யாரும் இல்ல."

கங்கம்மா அவரு சம்சாரம். போன வருஷம் விழுந்து தலைல அடிபட்டதுலருந்து புத்தி தடுமாறிப்போச்சு. தாமோதரன ஆஸ்பத்திரி கம்பவுண்டருன்னு நெனச்சுக்கினு கீறாங்க. உன் புருஷன் எங்கன்னு கேட்டா, தரைக்குக் கீழ வெரல நீட்டுவாங்க.

"அவளக் கூப்புடுதுபா அது. நான் பக்கத்துல உக்காந்து பெசஞ்சு ஊட்டறதாலதான் உசிரு நிக்குது. என் கை ருசிக்குத்தான் வாயத் தெறக்கறா. இருபத்தோராயிரம் போனா போவுது. அவ போயிட்டா எந்தக் கடைல போயி வாங்கறது?"

ஜெயம்மா பாக்கியவதி மேல பாஞ்சாங்க.

"கேட்டுக்கினு கல்லாட்டம் உக்காந்துகீறியே! உன் கொர்னேலியஸு ஆவிய பைப்புல கட்டிப்போட்டு சோறு வெக்கிறியா?"

பாக்கியவதி ஜன்னல் வழியா செவுத்துக் கடியாரத்தப் பாத்தாங்க. எழுந்துக்கப் போனாங்க.

"உக்காரும்மா! முடிவு தெரியாம ஒருத்தரும் நவுரக் கூடாது." தாமோதரன் குறுக்க வந்து நின்னாரு.

மணி மூணு.

எல்லாரும் கட்டரையே பாத்தாங்க. கிளமெண்ட்டு ஏணிய வுட்டுட்டு ரெண்டடி தள்ளி நின்னான்.

சத்தம் வரல.

மூணே கால். வரல.

"ஜெயம்மா மூஞ்சப் பாத்துட்டு ஓடிடுச்சுபோல!"ன்னு தாமோதரன் கை தட்டுனாரு. ஒரு வருஷமா இல்லாத சிரிப்பு அவரு மொகத்துல. சோத்துத் தட்ட எடுத்துக்கினு உள்ள போனாரு.

உள்ளருந்து கங்கம்மா கொரல் வந்துச்சு.

"கம்பவுண்டரே, நேரம் தாண்டிடுச்சே. மணி கேக்கலியே. எங்கூட்டுக்காரரு இன்னும் ஏறலியா? கயிறு அறுந்துடுச்சா? சொல்லுங்க, கயிறு அறுந்துடுச்சா?"

தட்டு செவுத்துல மோதுற சத்தம். அதுக்கப்புறம் ஒரு ஓலம். சாவு வுழுந்த வூட்டுலதான் அப்பிடி ஒரு ஓலம் கேக்கும்.

தாமோதரன் சட்டையெல்லாம் சோறா வாசல்ல வந்து நின்னாரு.

"ஒரு வாய் வாங்கலபா. என் கையத் தட்டி வுட்டுட்டா..."

பாக்கியவதி எழுந்தாங்க. இடுப்புல சொருவியிருந்த கரண்டிய உருவிக்கினு பின்பக்கமா விறு விறுன்னு நடந்தாங்க. மூலைல ஒரு நிமிஷம் நின்னு திரும்புனாங்க.

"பிளாஸ்டிக்கே போடுங்கண்ணா, என் பாதிய நானே தரேன். ஆனா அதுல தட்டுனா மணி மாரி கேக்காதே, அப்புறம் நீங்க பத்தரமா மேல ஏறி வந்துட்டீங்கன்னு அக்காவுக்கு யாரு சொல்றது?"