கற்கண்டு கொடுத்தவள்

வளையல்கள் ஏறிக்கொண்டுதான் இருந்தன. சத்தம்தான் நின்றுபோயிருந்தது.

பச்சை, சிவப்பு, மறுபடி பச்சை. பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். கன்னத்தில் சந்தனம் பூசினார்கள். கையைக் குவித்துப் பிடித்து வளையலை ஏற்றிவிட்டு நகர்ந்தார்கள். கண்ணாடி கண்ணாடியின் மேல் விழுந்தது.

ஒன்றும் கேட்கவில்லை.

மணையில் உட்கார்ந்திருந்தவளுக்கு அது அழகாகக்கூட இருந்தது.

கொஞ்சம் முன்புவரை எல்லாம் நன்றாகக் காதில் விழுந்தது. மாமியார் நாச்சம்மாள் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அம்மிணிக்குச் சின்ன வயசுலிருந்து சக்கரைங்க. ஊசி போட்டுக்கற புள்ள. இனிப்பு ஆரும் கிட்டக் கொண்டாந்துராதீங்க."

லட்டும் பாயசமும் மொட்டைமாடிப் பந்திக்கு ஏறிவிட்டன. மணைக்கு முன்னால் வெள்ளரித் துண்டுகள்தான்.

"இதென்னங்க, வளைகாப்புக்கு வெள்ளரிக்காயா ஊட்டறது? பொறக்கறது பச்சையாப் பொறந்தா என்னையக் கேக்காதீங்க" என்றார் பக்கத்து வீட்டு ருக்குமணி.

கூடம் சிரித்தது. கடைசியாகக் கேட்டது அந்தச் சிரிப்புதான்.

முன்பெல்லாம் சர்க்கரை இறங்கினால் ஆள் அனுப்பிவிட்டுத்தான் வரும். கை நடுங்கும். உதடு மரத்துப்போகும். பசி வயிற்றைப் பிறாண்டும். அவள் ஒரு மிட்டாயை வாயில் போட்டுக்கொள்வாள். வந்தது போய்விடும்.

வயிற்றில் பிள்ளை தங்கியதிலிருந்து அது சொல்லிக்கொண்டு வருவதில்லை. நேற்றுப் போதாத மருந்து இன்று அதிகம். காலையில் அதே இட்லிதான், அதே ஊசிதான். உடம்புதான் நேற்றையது இல்லை.

முகம் மின்னுகிறதென்று பெண்கள் ஒருத்திக்கொருத்தி காட்டிக்கொண்டார்கள். வேர்வை அது. சந்தனத்துக்கு அடியிலிருந்து கிளம்பிக் கழுத்துக்கு ஓடியது. கண்டுபிடிக்கக்கூடிய ஒரே ஆள் அவள் கணவன். அவனைக் கீழே பந்தல்காரரோடு நிற்க வைத்திருந்தார்கள். ஆண்பிள்ளை வந்து நிற்கிற இடமா இது?

அப்போதுதான் அவள் வாசலில் நின்றாள்.

எழுந்தது நினைவில்லை. நடந்ததும் இல்லை. நிலைப்படியில் நின்றபடி கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அங்கே மணையில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி. பச்சைப் பட்டு. கை நிறைய வளையல். கண் திறந்திருந்தது. கண்ணுக்குள் ஆள் இல்லை.

ஐயோ பாவம், இவளுக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறதே.

இத்தனை பேரில் ஒருத்திக்குமா தெரியவில்லை? சொல்ல வாயெடுத்தாள். வாய் அங்கே இருந்தது, மணையில்.

பக்கத்தில் ஒரு ஸ்டூல். அதன்மேல் வரவேற்புத் தட்டு. குங்குமம், பன்னீர்ச் செம்பு, ஒரு கிண்ணம் கற்கண்டு. இனிப்பையெல்லாம் மேலே ஏற்றியவர்கள் இதை விட்டிருந்தார்கள். வாசலில் வைத்த கற்கண்டை இனிப்பென்று யார் நினைக்கிறார்கள்? அது மரியாதை.

கைகொள்ள அள்ளிக்கொண்டாள்.

கூட்டத்துக்குள் நடந்தாள். யாரும் வழிவிடவில்லை. யார் மேலும் இடிக்கவும் இல்லை.

மணையில் இருந்தவளின் உதடு இறுகிக் கிடந்தது. தாடையைப் பிடித்தாள். சில்லென்றிருந்தது. ஒரு கட்டியை விரலால் கன்னத்துக்குள் ஒதுக்கினாள்.

பல் கடித்தது.

வலித்தது. எந்தப் பக்கம் வலித்தது என்றுதான் தெரியவில்லை.

இன்னொரு கட்டி. இன்னும் ஒன்று.

விழுங்குடி. உள்ளே ஒரு பிள்ளை இருக்கிறது, விழுங்கு.

சத்தம் திரும்பி வந்தது. அத்தனை வளையலும் ஒரே நேரத்தில்.

"அம்மிணி, வாயில என்ன?" நாச்சம்மாள் குனிந்து பார்த்தார். "கல்கண்டா? அட கடவுளே, ஆரு இவளுக்குக் குடுத்தது?"

அவள் தன் பையைக் கேட்டாள். விரலைக் குத்தி, ரத்தத் துளியைக் கருவியில் வைத்து, வந்த எண்ணை மாமியாரிடம் நீட்டினாள்.

"கீழ போயிருச்சுங்க அத்தை. ரொம்பக் கீழ. இது இந்தக் கல்கண்டத் தின்ன பொறகு."

பாயசத்துக்கு நாச்சம்மாளே மாடிக்கு ஓடினார்.

டம்ளர் பாதி காலியாவதற்குள் வயிற்றில் பிள்ளை புரண்டது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இருக்கிறது. இருக்கிறது.

"ஆருன்னு சொல்லுங்க" என்றார் நாச்சம்மாள், இப்போது வேறு குரலில். "அந்தக் கையக் கண்ணுல ஒத்திக்கோணும்."

பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள்.

"நானில்லீங்."

"நானுமில்லீங்."

அவள் தோளைத் தொட்டபடியே நின்றிருந்தாள் நாத்தனார் செண்பகம். "கிட்ட ஆருமே வரலம்மா" என்றாள். "அண்ணி கையும் மடியிலதான் இருந்துச்சு. நான் பாத்துட்டேதான் இருந்தேன்."



மணையில் இருந்தவள், பல் பதிந்த தன் ஆட்காட்டி விரலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

பந்தி முடிந்து கூட்டம் கலைந்தது. வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பக்கூடாதே. நாச்சம்மாள் வாசலில் நின்று ஒவ்வொருத்திக்கும் தாம்பூலப் பை கொடுத்து அனுப்பினார். கடைசி ஆளும் போன பிறகு அவள் வந்து ஒரு பையை எடுத்தாள்.

"ஆருக்குக் கண்ணு? எல்லாரும் வாங்கிட்டாங்களே."

"இன்னும் ஒருத்தி இருக்கறாளுங்க அத்தை."

வாசலைத் தாண்டினாள். படி திரும்புகிற இடத்தில் உச்சி வெயில் விழுந்து கிடந்தது. அங்கே நின்று, இரண்டு கையாலும் பையை நீட்டினாள்.

"அடுத்த தடவையும் வந்துரு" என்றாள்.

திரும்பி வந்தபோது அவள் கை காலியாக இருந்தது.

நாச்சம்மாள் படியை எட்டிப் பார்த்தார்.

படியும் காலிதான்.