ஸ்பூனின் முதுகு

"தயவுசெஞ்சு ஸ்பூனைத் திருப்பாதீங்க. நாம கடையில இல்ல, சம்பந்தி ஆகப்போறவங்க வீட்டுல இருக்கோம்" என்று மனைவி காதோரம் சொன்னாள்.

சொன்னால் கேட்கிற கையா அது? பழைய வெள்ளிச் சாமான்களுக்கு மதிப்புப் போடுவதுதான் அவர் தொழில். கடைவீதியில் 'லென்ஸ்காரர்' என்றால்தான் தெரியும். எதைக் கொடுத்தாலும் கவிழ்த்து, முதுகில் குத்தியிருக்கும் பொடிப்பொடி முத்திரைகளைப் பார்த்து, எந்தப் பட்டறையில் செய்தது, எந்த ஊரில் தரம் பார்த்தது, எந்த வருஷம் என்று சொல்லிவிடுவார். விருந்துக்குப் போன இடத்திலும் அப்படித்தான். சூப் ஆறினால் ஆறட்டும், ஸ்பூனைப் படித்துவிட்டுத்தான் வாயில் வைப்பார்.

இன்று வந்தது வெறும் சாப்பாட்டுக்கு அல்ல. மகள் தானே தேர்ந்தெடுத்த பையனின் வீடு இது. பையனின் அப்பா பூட்டு ரிப்பேர் செய்பவர். ஒரு வேளை சாப்பிட்டு, பழகிப் பார்த்துவிட்டு, சாயங்காலம் முடிவு சொல்வதாக லென்ஸ்காரர் சொல்லியிருந்தார். அதைக் கேட்டதிலிருந்து மகளுக்குச் சரியான தூக்கமில்லை.

மனைவி அந்தப் பக்கம் திரும்பியதும் ஸ்பூனைப் புரட்டினார். அசல் வெள்ளி, நல்ல பழசு. பரவாயில்லையே என்று மனைவியின் ஸ்பூனை எட்டிப் பார்த்தார். அதுவும் வெள்ளிதான். ஆனால் வேறு பட்டறை, வேறு ஊர், ஒரு தலைமுறை பிந்தியது. பையனின் கையில் இருந்ததோ இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

அவருக்குத் தலை சுற்றியது. செட்டாக வாங்கினால் எல்லாம் ஒரே முத்திரையாக இருக்கும். பரம்பரைச் சொத்து என்றால் ஒன்றிரண்டு மாறலாம். இதென்ன கூத்து, ஆளுக்கொரு ஊர், ஆளுக்கொரு காலம்?

கை தவறியதுபோல் ஸ்பூனைக் கீழே போட்டார். பையனின் அம்மா ஓடிப்போய் வேறொன்று கொண்டுவந்தார். நாலாவது பட்டறை. அதையும் போட்டார். அந்த அம்மா ஐந்தாவதை நீட்டினார். அதன் கைப்பிடியில் யாருடைய பெயருக்கோ முதலெழுத்து செதுக்கியிருந்தது. அந்த எழுத்தில் பெயர் உள்ளவர் அந்த வீட்டில் யாருமே இல்லை.

"அருமையான ஸ்பூன். எங்க வாங்கினது?" என்று பேச்சுவாக்கில் கேட்டார்.

"பரம்பரையா வந்தது" என்றார் பையனின் அம்மா.

"போன வருஷம் வாங்கினது" என்றார் பூட்டுக்காரர், அதே நேரத்தில்.

மகளுக்குப் புரையேறியது. பையன் மேசைவிரிப்பை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

லென்ஸ்காரருக்கு நெஞ்சு திக்கென்றது. ஊரில் பாதிக் கதவு இந்த மனுஷன் கைக்குத் திறக்கும். வீட்டுக்கு ஒரு ஸ்பூன் காணாமல் போனால் யார் தேடப் போகிறார்கள்? சேச்சே, அப்படியெல்லாம் இருக்காது என்றது ஒரு மனம். முத்திரை பொய் சொல்லாது என்றது இன்னொரு மனம். எல்லாரும் எழுந்த நேரம் பார்த்து, ஐந்தாவது ஸ்பூனைத் துடைத்துக் கோட்டுப் பைக்குள் இறக்கினார். கடையில் உட்கார்ந்து நிதானமாகப் பார்க்க ஓர் ஆதாரம் வேண்டாமா?

பாத்திரம் கழுவ ஒத்தாசை செய்துவிட்டு வருவதாகச் சொல்லி மகள் அங்கேயே தங்கினாள். வீட்டுக்கு வந்ததும் அவர் ஸ்பூனை மேசைமேல் வைத்து, மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார்.

"கை நீளமான குடும்பம். தெரிஞ்சே பொண்ணைக் குடுக்கச் சொல்றியா?"

மனைவிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நாற்காலி போதவில்லை என்று நமக்குக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டே சாப்பிட்ட மனுஷர், அவரா திருடுவார் என்று கேட்டாள். லென்ஸ்காரருக்கும் அதே குழப்பம்தான். ஆளைப் பார்த்தால் தங்கமாகத் தெரிகிறார், ஸ்பூனைப் பார்த்தால் வேறு சொல்கிறது. மகள் அழுவாள் என்றும் தெரியும். ஆனாலும் இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்றே முடிவுக்கு வந்தார்.

சாயங்காலம் மகள் வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. சொல்லிவிடலாம் என்று அவர் தொண்டையைச் செருமுவதற்குள் அவளே ஆரம்பித்தாள்.

"தப்பு என்மேலதான்ப்பா. நீங்க ஸ்பூனைத் திருப்பிப் பாத்துதான் மனுஷங்களையே எடை போடுவீங்கன்னு அவங்ககிட்ட உளறிட்டேன். அவங்க வீட்டுல இருக்கறது எல்லாமே எவர்சில்வர். பாவம், அத்தை தெருவுல வீடு வீடாப் போய் ஆளுக்கொரு வெள்ளி ஸ்பூன் இரவல் வாங்கிட்டு வந்தாங்க."

லென்ஸ்காரரின் கை தானாகப் போய் மேசைமேல் இருந்த ஸ்பூனை மூடியது.

"மூடாதீங்கப்பா. நீங்க பையில போட்டதை அத்தையும் மாமாவும் பாத்துட்டாங்க. 'உங்கப்பாவுக்குக் கை கொஞ்சம் நீளம்ங்கறதுக்காக உன்னை விட்டுடுவோமாம்மா? அது மாடி வீட்டு ஸ்பூன், அவர் மனசு நோகாம அதை மட்டும் வாங்கிட்டு வந்துடு'ன்னு அனுப்பியிருக்காங்க."