நாலு பவுண்டு

சீட்டைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது.

ஐம்பத்தாறு என்று எழுதியிருந்தாள்.

இரண்டு வருடமாக அவள் சீட்டில் அறுபதைத் தவிர வேறு எண் இருந்ததில்லை. இன்று மத்தியானம் அவளுக்கு இறுதி ஆட்டம். ஜெயித்தாலும் சரி, தோற்றாலும் சரி, இதோடு டென்னிஸுக்கு முழுக்கு என்று நேற்றே எல்லோரிடமும் சொல்லிவிட்டாள்.

நான் மட்டைக்கு நரம்பு கட்டுகிறவள். போட்டி எந்த ஊரில் நடந்தாலும் அரங்கத்துக்கு அடியில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில், என் மெஷினோடு உட்கார்ந்திருப்பேன். நரம்பு எத்தனை பவுண்டு இறுக்கம் இருக்க வேண்டும் என்று ஆட்டக்காரர்கள் சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். எழுதியதை அப்படியே கட்டிக் கொடுக்க வேண்டும். அதில் மூக்கை நுழைக்க எனக்கு உரிமை கிடையாது.

ஆனாலும் நுழைத்தேன். அவள் ஒருத்திக்காக மட்டும்.

பதினேழு வயதில் முதன்முதலாக என்னிடம் வந்தாள். கையில் இரண்டே மட்டை. ஐம்பத்தாறு பவுண்டு என்றாள். உன் உடம்புக்கு அது ஜாஸ்தி என்றேன். உடம்பு என்னுடையதுதானே என்றாள். சரியான வாயாடி என்று நினைத்துக்கொண்டேன். அந்த வாரமே பெரிய தலைகள் இரண்டு பேரை மூட்டை கட்ட வைத்தாள்.

அப்புறம் பதினாறு வருடம். ஒன்பது பெரிய கோப்பைகள். உள்ளங்கைத் தோல் உரிந்து ரத்தம் வர, நாலு மணி நேரம் நின்று ஜெயித்த ஆட்டம் ஒன்று. உலகத்தில் முதல் இடத்தில் இருந்தபோதும் சரி, நூறாவது இடத்துக்குச் சரிந்தபோதும் சரி, சீட்டில் ஐம்பத்தாறுதான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் தோளில் அறுவை சிகிச்சை. அவள் கதை முடிந்தது என்று டிவியில் பேசுகிறவர்கள் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். பத்து மாதம் கழித்து என் அறைக்கு வந்தாள். பையை இரண்டு கையாலும் தூக்கித்தான் மேஜையில் வைத்தாள்.

அன்றைக்கும் ஐம்பத்தாறு என்றே எழுதினாள். எனக்கு மனசு கேட்கவில்லை. நரம்பு கொஞ்சம் தளர்ந்திருந்தால் பந்து தானாகவே எகிறும், தோளுக்கு அவ்வளவு பாடு இருக்காது. யாரிடமும் மூச்சு விடாமல் ஐம்பத்திரண்டில் கட்டிக் கொடுத்தேன்.

அன்று முதல் சுற்றிலேயே தோற்றாள். அடித்த பந்தெல்லாம் கோட்டுக்கு ஒரு சாண் வெளியே போய் விழுந்தது. மட்டை சரியில்லையா என்று பத்திரிகைக்காரர்கள் கேட்டார்கள். மட்டை நன்றாகத்தான் இருந்தது, இன்றைக்குக் கைதான் சொன்னபடி கேட்கவில்லை என்றாள். டிவியில் அதைப் பார்த்து நான் அழுதேன். பாவம், தோள் இன்னும் ஆறவில்லை என்று.

அடுத்த போட்டிக்கு அறுபது என்று எழுதினாள். வீம்பு பிடித்தவள் என்று திட்டிக்கொண்டே நாலு குறைத்து ஐம்பத்தாறில் கட்டினேன். அதற்கு மேல் குறைத்தால் கண்டுபிடித்துவிடுவாளோ என்று பயம். அந்த முறை அரையிறுதி வரை போனாள். அடுத்த முறை கோப்பையே வாங்கினாள்.

முப்பத்தாறு வயதில் இந்த அடி எங்கிருந்து வருகிறது என்று ஊரே வாயைப் பிளந்தது. எனக்கு மட்டும் உள்ளுக்குள் குளிர்ந்தது. அவள் ஜெயித்த ஒவ்வொரு ஆட்டத்திலும் நாலு பவுண்டு என் பங்கு என்று இரண்டு வருடமாக எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டிருந்தேன்.

இப்போது ஐம்பத்தாறு. கை விட்டுப்போய்விட்டது, இனி அறுபது என்று எழுதக்கூட அவளுக்குத் தெம்பு இல்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. கடைசி ஆட்டத்தில் அவள் அசிங்கப்படக் கூடாது. மெஷினில் ஐம்பத்திரண்டை வைத்தேன்.

கதவு திறந்தது. ஆட்டத்தன்று மட்டையைப் பயிற்சியாளர்தான் எடுத்துப் போவார். இன்று அவளே வந்து நின்றாள். மெஷினைப் பார்த்தாள். ஐம்பத்திரண்டு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

அவள் சிரித்தாள்.

“நீங்க நாலு குறைப்பீங்கன்னுதான் அக்கா ரெண்டு வருஷமா நாலு கூட்டி எழுதினேன். எனக்கு என்னைக்கும் அம்பத்தாறுதான். கடைசி ஆட்டத்துக்காவது நேரா எழுதலாம்னு பார்த்தா, மறுபடியும் குறைச்சிட்டீங்களே.”

அப்படியானால் அந்த முதல் தடவையே தெரியுமா என்று கேட்டேன். உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினாலே நரம்பின் சத்தம் சொல்லிவிடும் என்றாள். பின்னே வேறு ஆளிடம் போயிருக்கலாமே என்றேன்.

“உங்களை மாதிரி யாரு கட்டுவாங்க? திருட்டுத்தனமா குறைச்சதுகூட ஒரு தடவையும் மூணோ அஞ்சோ ஆனதில்லையே.”

எண்ணை ஐம்பத்தாறுக்கு மாற்றிவிட்டு நரம்பை இழுக்க ஆரம்பித்தேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கடைசி முடிச்சு விழும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். மட்டையை வாங்கி உள்ளங்கையால் தட்டிக் காதில் வைத்துக் கேட்டாள். இரண்டு வருடமாக என் காதுக்குப் பழகிய அதே சத்தம்தான். தலையாட்டிவிட்டுக் கிளம்பினாள்.

மேலே அரங்கம் அவள் பெயரைச் சொல்லிக் கத்தியபோதுதான் எனக்கு முழுசாக உறைத்தது. அவள் ஜெயித்த எதிலும் எனக்குப் பங்கு கிடையாது. அந்த முதல் சுற்றுத் தோல்வி மட்டும்தான் முழுக்க முழுக்க என்னுடையது.

அத்தனை மைக்குக்கும் முன்னால் உட்கார்ந்து, கைதான் சரியில்லை என்று அவள் சொன்னாளே, அந்தத் தோல்வி.