யாருக்கு இந்த ஸ்டூல்?

ஸ்டூலின் மேல் ரெஜினா ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. மாலில் சேலை விற்கிற அவளுக்காகத்தான் அதை வாங்கிப் போட்டார்கள். உட்கார்ந்ததெல்லாம் வாடிக்கையாளர்களின் பைகள்தான்.

"என்ன குளுகுளுன்னு இருக்கு! நாள் பூரா இங்கேயே கிடக்கலாம்" என்றது ஒரு பை.

"அவ நாள் பூரா இங்கேதான் நிக்கிறா" என்றது ஸ்டூல்.

"கொடுத்து வச்சவ!"

அப்படியென்றால் ஏன் கால் மாற்றி மாற்றி நிற்கிறாள்? ஸ்டூலுக்கு மண்டை குழம்பியது. மேலே இருந்த கேமராவைக் கேட்டது.

"அண்ணே, நான் இருக்கும்போது அவ ஏன் நிக்கிறா?"

"உட்கார்ந்தா மேனேஜர்கிட்ட காட்டிக் கொடுத்துடுவேன். அதுதானே என் பொழப்பு."

"அப்போ என்னை எதுக்கு வாங்கினாங்க?"

"ஆபீசர் சோதனைக்கு வந்தா காட்ட வேணாமா? வேலை செய்றவங்களுக்கு உட்கார இடம் தரணும்னு சட்டம்யா!"

உட்காரவும் கூடாதாம், ஸ்டூலும் இருக்க வேண்டுமாம். இது என்ன கூத்து?

சாயங்காலம் ரெஜினாவின் கணுக்கால் வீங்கிவிட்டது. சேலை மடிக்கும்போதே தள்ளாடினாள். ஸ்டூலைப் பார்த்தாள், பயந்து மேலே பார்த்தாள்.

"அண்ணே, விழுந்துடுவா போலிருக்கு!" என்று ஸ்டூல் கத்தியது.

ரெஜினா இன்னொரு முறை மேலே பார்த்துவிட்டுச் சட்டென்று உட்கார்ந்துவிட்டாள். ஸ்டூல் திகைத்துப்போய் அண்ணாந்து பார்த்தது. கழுத்து சுளுக்கிக்கொண்டதுபோல் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது, கேமரா.