காலித் தட்டுகள்

மறதி நோய்க்காரர்களைக் கவனித்துக்கொள்கிறவர்களுக்கான அந்த வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கத்துக்கும் சாமி படத்துக்கும் இடமில்லை. வீட்டு நோயாளி சாப்பிட்டு முடித்ததும் காலித் தட்டைப் படமெடுத்துப் போட வேண்டும். மற்றவர்கள் பூ போடுவார்கள். அவ்வளவுதான்.

தனுஷ்கோடியின் மனைவி காந்திமதி மூன்று நாளாகச் சோற்றைக் கண்டாலே வாயை இறுக மூடிக்கொண்டாள். இன்றும் ரசஞ்சோற்றோடு முக்கால் மணி நேரம் கெஞ்சிப் பார்த்தவர், ஆறிப்போனதை நின்றபடியே தானே தின்றுவிட்டு, கைப்பழக்கத்தில் தட்டைப் படமெடுத்து அனுப்பிவிட்டார். பூக்கள் கொட்டின. "அக்கா சாப்பிட்டாங்களா!" குழுவை நடத்தும் ஷமீமாவின் குரல் பதிவில் அழுகை கலந்திருந்தது.

அவருக்குக் கூசிப்போயிற்று. "இல்லம்மா. நான்தான் சாப்பிட்டேன். தெரியாம போட்டுட்டேன்."

ஷமீமா கேட்டாள்: "அண்ணே, நீங்க ஒழுங்கா சாப்பிட்டு எத்தன நாளாச்சு?"

அவர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தட்டைக் கழுவப் போனார்.

அரை மணி கழித்து ஒரு காலித் தட்டு வந்தது. "இது எங்கம்மாவோடது இல்லண்ணே, என்னோடது," என்றாள் ஷமீமா. அடுத்து வேறொருவரின் தட்டு. அப்புறம் ஒரு வாழையிலை, ஒரு டப்பா மூடி, வழித்துத் தின்ற வாணலி.

கட்டிலோரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் காந்திமதிக்குக் காட்டினார். வாணலி வந்ததும் அவள் திரையை விரலால் தொட்டாள்.

"எல்லாரும் தின்னாச்சா?" என்றாள். "எனக்கு?"

பானையில் ஒரு பிடியாவது மிச்சம் இருக்க வேண்டுமே என்று அவர் அடுக்களைக்கு ஓடினார்.